ஏழு மணிக்குக் கூவிய ஆறுமணிக் குருவி

கோபத்தோடு எழுதாதே, கொஞ்சம் ஆறவிட்டு எழுது என்றாள் என் தங்கை. மூன்று வாரம் ஆறவிட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் வந்த கோபத்தோடேயே எழுதுகிறேன், பொறுக்க முடிந்தவர்கள் படியுங்கள். திருத்தணிக்குப் போகிறவர்கள் மலையேறிச் சாமி பார்த்து, பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டிக்கே திரும்பிவிடுகிறார்கள். மலைக்கு மேற்கே இரண்டு மைலில் ஓடைக்காடு என்று ஒரு புதர்க்காடு இருக்கிறது. மார்கழி, தையில் அங்கே ஆறுமணிக் குருவியைப் பார்க்கலாம். அதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் பட்டணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் நடத்துகிறவள். போன கோடையில் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியானதே, அப்போது எங்கள் தெருவில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு திருத்தணிக்கு ஓடினோம். மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகை கேட்டார்கள், கொடுத்தோம். வேறு போக்கிடம் ஏது? நாங்கள் தங்கிய வீட்டுக்குச் சுள்ளிக் கட்டு கொண்டுவந்து போட்டவள்தான் கன்னியம்மா. ஒருநாள் சாயந்தரம் அவளோடு ஓடைப் பக்கம் போனபோது புதருக்குள்ளிருந்து இரண்டே சுரத்தில் யாரோ சீட்டி அடித்தார்கள். யார் என்று கேட்டேன். குருவி என்றாள். காலையில் ஆறுக்கு ஒரு தரம், மாலையில் ஆறுக்கு ஒரு தரம் கூவுமாம். குளிர்காலம் முழுக்க அந்தப் பக்கத்துக் கூலி வேலை அது கூவினால் தொடங்கி, அது கூவினால் முடியும், கடிகாரமெல்லாம் யாருக்கு இருக்கிறது என்று சிரித்தாள். இரண்டு வாரத்தில் குருவி வடக்கே போய்விட்டது. ஐப்பசி மழையோடு திரும்பி வரும் என்று கன்னியம்மா சொன்னதால், பள்ளிக்கூடத்துக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை விட்ட மறுநாளே நான் கிளம்பிவிட்டேன்.

வழி சொல்லுமுன் ஒன்று. இதில் நான் எழுதுகிற மணியெல்லாம் யுத்த நேரம். செப்டம்பரிலிருந்து சர்க்கார் நாட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருக்கிறதே, அந்த நேரம். இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

சென்ட்ரலில் காலை 6.40க்கு வண்டி. திருத்தணிக்கு மூன்றாம் வகுப்பு பதினைந்தணா, தூரம் ஐம்பத்திரண்டு மைல். உட்கார இடம் கிடைக்காது. மணவூர் வரை ஒரு காலில்தான் நின்றேன், இன்னொரு கால் யாருடைய பெட்டிமேல் இருந்தது என்று எனக்கே தெரியாது. 8.50க்கு அரக்கோணம் சேர வேண்டிய வண்டி 9.35க்குச் சேர்ந்தது, திருத்தணி வண்டி போய்விட்டது. அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு டிக்கெட் ஜன்னலில் இருந்தவர், யுத்தம் நடக்கிறது தெரியுமா அம்மா என்றார். தெரியாமலா நானூறு தரம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் பஸ். ஒன்பது மைலுக்கு ஐந்தணா. பெட்ரோல் கிடைக்காததால் இப்போது எல்லாம் கரி பஸ், உங்களுக்கே தெரியும். பின்புறம் ஓர் உருளை அடுப்பு, அதில் கரி போட்டுக் கனல வைத்து அந்தப் புகையில் வண்டி ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொன்னது. 11 மணிக்குக் கிளம்பி இரண்டு இடத்தில் நின்று, இறங்கித் தள்ளி, 1.10க்குத் திருத்தணி சேர்ந்தோம். டிரைவர் மட்டும் பெருமையாகத்தான் இருந்தார். நின்ற இடத்தில் சாக்கிலிருந்து ஒரு கரித் துண்டை எடுத்து என்னிடம் தட்டிக் காட்டினார், வெண்கலம்போலக் கணீரென்றது. இப்போது வருவது ஓடைக்காட்டுக் கரியாம், முன்னே வந்த குப்பைக் கரி மாதிரி இல்லையாம். நான் எதற்காக வருகிறேன் என்று சொன்னேன்.

"அத்த நாங்க பொன்னங்கி பிட்டன்னுவோம். எங்க நைனாவுக்கு அது கூவினாத்தான் காபியே எறங்கும்" என்றார் டிரைவர்.

கரியைப் பற்றி அவர் சொன்னதில் ஓடைக்காடு என்ற பெயர் என் காதில் விழுந்தும் விழவில்லை. பிட்ட என்றால் தெலுங்கில் குருவி என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். இயற்கைப் பாடம் நடத்துகிற லட்சணம் அது.

சத்திரத்தில் நாளுக்கு எட்டணாவுக்கு அறை கிடைக்கும், பொய்கைக்குப் பக்கத்திலேயே. விளக்குக்கு எண்ணெய் கேட்காதீர்கள், ஊரிலேயே மண்ணெண்ணெய் கிடையாது. சோறும் எல்லா வேளையும் கிடைக்காது, களி கிடைக்கும். வருஷக் கடைசியில் படித் திருவிழாவுக்குக் கூட்டம் வரும், அந்த நாட்களில் போகாமல் இருப்பது நல்லது.

மறுநாள் காலை 5.20க்குக் கிளம்பினேன். ஆறுமணிக் குருவி அல்லவா, ஆறுக்கு முன்னால் போய் உட்கார வேண்டும் என்று கணக்கு. இருட்டில் எனக்கு முன்னால் பத்துப் பதினொரு பெண்கள் கூடையும் மண்வெட்டியுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி கன்னியம்மா. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. இந்த இருட்டில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். கரி மூட்டத்துக்கு, ஆறு மணிக்கு வேலை என்றாள். குருவி கூவினால்தானே வேலை என்றேன்.

"அத்த ஏன் கேக்கறீங்க டீச்சரம்மா. யுத்தம் வந்ததுல இருந்து குருவிக்கும் சோம்பேறித்தனம் வந்துடுச்சி. ஏழு மணிக்குத்தான் கூவுது" என்றாள்.

எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஓடைக்கரையில் போய் உட்கார்ந்தேன். 6 மணி. ஒன்றும் இல்லை. 6.30. பனி கழுத்தில் இறங்குகிறது, கொசு காதில் பாடுகிறது. 6.50க்குக் குருவியைத் திட்ட ஆரம்பித்தேன். 7.10க்கு நான் உட்கார்ந்திருந்த புதருக்குள்ளிருந்தே அந்த இரண்டு சுரம் வந்தது. கிழக்கே அப்போதுதான் வெளுத்திருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன், தலையில் அடித்துக்கொண்டேன். குருவி சரியாக ஆறு மணிக்குத்தான் கூவியிருக்கிறது. கடிகாரத்தைத் தள்ளி வைத்த சர்க்கார் அதற்குத் தாக்கீது அனுப்பவில்லை.

வெளிச்சம் வந்ததும் பார்த்தேன். மைனாவைவிடச் சின்னது, வால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். முதுகு பச்சை, சிறகில் நீலப் பட்டை, கண்ணுக்குக் குறுக்கே கறுப்பு மை, வயிற்றடியில் குங்குமம். இத்தனை வர்ணத்தை வைத்துக்கொண்டு ஒளிந்தே வாழ்கிறது. இமயமலை அடிவாரத்துப் பக்கமிருந்து, குளிருக்கு முன்னால், பெரும்பாலும் இரவில் பறந்து வருகிறது. வந்து சேரும்போது அரை உயிர்தான், கிணற்றடியிலும் கூடத்திலும் விழுந்து கிடக்குமாம். பிறகு நிழலும் ஈரமும் உள்ள ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு ஏப்ரல் வரை அங்கேயே காலம் தள்ளுகிறது. போன வருஷத்துப் புதருக்கே திரும்பி வருவதும் உண்டு.

அதன் சாப்பாடெல்லாம் சருகுக்கு அடியில். தத்தித் தத்திப் போய் அலகால் ஒரு சருகைப் புரட்டிப் போடும், கரையானோ புழுவோ இருந்தால் கொத்தும், அடுத்த சருகு. இரண்டு மணி நேரம் பார்த்தேன், முப்பதடி நீளம் இருபதடி அகலம் உள்ள அந்த இடத்தைவிட்டு அது வெளியே வரவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குருவி ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. நம்மது சிறகை விரித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் அது திரும்பிப் பார்க்காமல் போயிற்று. ஆளுக்கு ஒரு புதர், அதற்கு ஒரு எல்லை, அதற்குள் இருக்கிற சருகுதான் குளிர்காலத்துக்கான மொத்த அரிசி. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்குப் புதரைவிட்டு மேடேறினேன். அந்தப் பக்கம் காடு இல்லை. கோடையில் நான் பார்த்த காட்டில் பாதிக்குமேல் மொட்டையாகக் கிடந்தது, நடுவில் மூன்று கரி மூட்டங்கள் புகைந்துகொண்டிருந்தன. கட்டையை அடுக்கி, மேலே சருகைப் பரப்பி, அதற்குமேல் மண் போட்டு மூடி உள்ளே கனல விடுவதுதான் மூட்டம். பெண்கள் புதரடியிலிருந்து சருகை வாரி வாரிக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் தட்டிக் காட்டிய கரி அப்போதுதான் எனக்கு உறைத்தது. குருவியைப் பார்க்க, குருவியின் வீட்டை எரித்துக்கொண்டு வந்திருக்கிறேன், ஐந்தணா கொடுத்து.

கன்னியம்மாவிடம் சாயந்தரம் எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று கேட்டேன். அது பழையபடி குருவி கூவினால்தான் என்றாள். காலையில்? காலையில் கரிக் கன்ட்ராக்டர் கைக்கடிகாரத்தில் ஆறு. இது எப்போதிலிருந்து? தீபாவளி கழிந்து அவர் வந்ததிலிருந்து. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் கடிகாரத்து ஆறு, சூரியனுக்கு ஐந்து. மாலையில் குருவியின் ஆறு, கடிகாரத்துக்கு ஏழு. நடுவில் ஒரு மணி நேரத்தை அந்த ஆள் தினமும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போகிறான்.

ஒரு மணி நேரம்தானே என்று நினைக்கிறவர்கள் கன்னியம்மா வீட்டைக் கேளுங்கள். மகளுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள். வீட்டில் விளக்குக்கு எண்ணெய் கிடையாது, வெளிச்சம் இருக்கும்போதே உலை வைத்து இறக்கியாக வேண்டும். ஏழுக்குக் குருவி கூவி அவள் இரண்டு மைல் நடந்து போய்ச் சேரும்போது கண் தெரியாத இருட்டு. போன வாரம் இருட்டில் தடவிக் கஞ்சிப் பானையைக் கவிழ்த்துவிட்டாள். கை வெந்தது. பெற்றவள் அன்றைக்குப் பட்டினி.

மத்தியானம் அவர்கள் கூழ் குடிக்க உட்கார்ந்தபோது தரையில் குச்சியால் கோடு போட்டு விளக்கினேன். சூரியன் இங்கே, கடிகாரம் இங்கே, குருவி இங்கே. பதினொரு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"அப்போ குருவி சரியாத்தான் கூவினு இருந்துதா?" என்றாள் கன்னியம்மா.

ஆமாம் என்றேன்.

"அடப்பாவமே. அத்தப் போயி ரெண்டு மாசமா திட்டினு இருந்தோமே" என்றாள். கன்ட்ராக்டரைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது, பத்திரிகையில் போடமாட்டார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நான் சம்மதம்.

அன்றைக்குச் சாயந்தரமே எல்லாருமாகப் போய்க் கேட்டோம். ஆள் ரொம்ப மரியாதை. எனக்கு உட்காரப் பெட்டியைத் துடைத்துப் போட்டார். காலையில் சர்க்கார் நேரம், சாயந்தரம் ஊர் வழக்கம், இரண்டில் எதையும் நான் மீறவில்லையே அம்மா என்றார். நான் போட்ட சத்தத்தில் என் தொண்டை இரண்டு நாள் கட்டிக்கொண்டது. கன்னியம்மா சத்தம் போடவில்லை. இரண்டு வேளையும் கடிகாரம், இல்லாவிட்டால் இரண்டு வேளையும் குருவி, இரண்டும் இல்லாவிட்டால் நாளையிலிருந்து மூட்டத்தை நீயே மூடிக்கொள் என்றாள். எரிகிற மூட்டத்தில் ஓர் ஓட்டை விழுந்தால் கரியெல்லாம் சாம்பல். அவர் மூட்டத்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். சரி, இரண்டு வேளையும் குருவி என்றார். எல்லார் எதிரிலும் சொன்னார். நாங்கள் ஜெயித்துவிட்டோம். நான் சத்திரத்துக்குப் போய் இரண்டு உருண்டை களி அதிகமாகத் தின்றேன்.

மறுநாள் 7.10க்குக் குருவி கூவியது, பெண்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். கன்ட்ராக்டர் ஓடைக்கரையில் நின்றிருந்தார். மேட்டில் வெட்ட இன்னும் காடு மிச்சம் இருந்தது. அவர் கைகாட்டியது அந்த முப்பதடிப் புதரை. இன்றைக்கு முதலில் இது என்றார். கூவுகிற புதர் எது என்று அறிய அவருக்கும் காது இருக்கிறதே.

நான் குறுக்கே போய் நின்றேன். கட்டிய தொண்டையோடு கத்தினேன். அவர் அதே மரியாதையோடு, "குருவிக்கு றெக்க இருக்குதும்மா, வேற எடம் பாத்துக்கும்" என்றார்.

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் தாங்குவதில்லை. எங்கே பார்த்துக்கொள்ளும்? பக்கத்துப் புதர் பக்கத்துக் குருவியுடையது. கோடையில் எங்களுக்கும் கால் இருந்தது, ரயில் இருந்தது. மாட்டுக்கொட்டகைக்கு எப்படிக் கெஞ்சினோம் என்று எனக்குத் தெரியும். பாதிக் குளிர்காலத்தில் இருக்கிற இடத்தைப் பிடுங்கிக்கொண்டு, பறந்து போயேன் என்று சொல்கிறவனை என்ன செய்வது?

கன்னியம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் வெட்டலன்னா பக்கத்து ஊர்ல இருந்து ஆள் வரும் டீச்சரம்மா. என் பொண்ணு வூட்ல கீது."

தள்ளி நின்றேன். பதினொரு மணிக்குள் புதர் தரையோடு போயிற்று, ஒரு மணிக்குள் சருகையும் வாரிவிட்டார்கள். குருவி கடைசிச் செடி விழும்வரை அடியில் இருந்தது. பிறகு தாழப் பறந்து ஓடையைத் தாண்டியது. அங்கே இருந்த குருவி இதைத் துரத்தியது. இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பாதையோரக் கற்றாழையில் உட்கார்ந்து அலகைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. நான் கிட்டப் போவதற்குள் அங்கேயும் இல்லை. இருட்டும்வரை தேடினேன்.

சாயந்தரம் 7 மணி. யாரும் கூவவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குருவியும் இந்த வெட்டு வெட்டியதில் பயந்து வாயை மூடிக்கொண்டது. 7.10. கன்ட்ராக்டர் பெட்டியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். இன்னும் கூவவில்லையே, வழக்கம் வழக்கம்தானே என்றார். பெண்கள் இருட்டில் கூடை சுமந்துகொண்டிருந்தார்கள். 7.20 இருக்கும். வெட்டிப்போட்ட குவியலுக்குப் பின்னாலிருந்து இரண்டு சுரம் வந்தது. சுத்தமாக, அதே இழுப்பு, அதே இறக்கம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடி என் தங்கமே, திரும்பி வந்துவிட்டாயா என்று வாய்விட்டே சொன்னேன். பத்துக் கூடையும் ஒரே சமயத்தில் கீழே விழுந்தது.

குவியலுக்குப் பின்னாலிருந்து கன்னியம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள்.

கூவினது குருவியா என்று அதட்டினார் கன்ட்ராக்டர்.

"ஆங், குருவிதாங்க" என்றாள் ஒருத்தி. குருவிதான் என்றார்கள் மற்றவர்கள். என்னையும் கேட்டார். குருவிதான் என்றேன். இயற்கைப் பாடம் நடத்துகிறவள் சொன்னால் மறுபேச்சு ஏது? அவர் பீடியை மிதித்து அணைத்தார். அவர்கள் போய்விட்டார்கள்.

அடுத்த இரண்டு நாளும் தேடினேன், குருவி கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை 9.15 வண்டியில் திரும்பினேன், அதே பதினைந்தணா. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தக் குருவி அந்தப் புதரில் ஏப்ரல் வரை இருந்திருக்கலாம். பதினொரு பேர் தினமும் ஒரு மணி நேரத்தைத் திருட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். கன்ட்ராக்டர்மேல் கோபம், சர்க்கார்மேல் கோபம், கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டுப் பின்விளைவை யோசிக்காத இந்த வாத்தியாரம்மாமேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

போகிறவர்களுக்கு: தைக்குள் போங்கள், மாசிக்குள் மிச்சக் காடும் கரியாகிவிடும். காலையில் 6.45க்கு ஓடைக்கரையில் இருந்தால் போதும், என்னைப்போல் ஒரு மணி பனியில் நனைய வேண்டாம். பச்சை அல்லது காக்கித் துணி உடுத்துங்கள், புதருக்குள் காலை வைக்காதீர்கள், சருகை மிதிக்காதீர்கள். அரக்கோணத்தில் இணைப்பு வண்டி தவறினால் காத்திருங்கள், தயவுசெய்து கரி பஸ்ஸில் ஏறாதீர்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு குருவிகள் இருக்க வேண்டும். சாயந்தரம் ஏழு மணிக்கு ரொம்ப முன்னாலேயே சீட்டி கேட்டால் உடனே சந்தோஷப்பட்டு நோட்டைத் திறக்காதீர்கள். எதிரே பெண்கள் வேகமாக வருகிறார்களா என்று பாருங்கள். வந்தால் பாதையைவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், அதில் ஒருத்தி இருட்டுமுன் உலை வைக்க வேண்டும்.